வாப்பாவின் கோலுக்குக் காத்திருந்த காலம்



போன கிழமை 9ஆம் தர வகுப்பில், "எங்கட உம்மா ஃபோன் பேச கடையில வரிசையில நிண்டவங்க" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன், "ஏன் சேர், சார்ஜ் முடிஞ்சிட்டா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்தத் தொழில் வியாபாரிகளுக்காகவே தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் அந்தக் காலத்தில் காலித் துறைமுகத்துக்குத்தான் வந்தன. அங்கே இறங்கும் செய்தியைக் கொழும்புக்குச் சீக்கிரம் கொண்டுவர சிலோன் ஒப்சேர்வர் பத்திரிகை புறாக்களை வைத்திருந்தது. 1858இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை போனது. பிறகு வந்த தொலைபேசியும் நெடுங்காலம் கம்பனிகளுக்கும் கந்தோர்களுக்கும்தான். 1990இல்கூட நூறு பேருக்கு ஒரு தொலைபேசி என்ற கணக்குக்கு நாம் வரவில்லை. விண்ணப்பித்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை இதே நாட்டில்தான் வந்தது. 1989இல் செல்டெல். இந்தியாவுக்கு அது 1995இல்தான் போனது. ஆனால் இங்கே அது பணக்காரர் சாமான். வருகிற கோலுக்கும் காசு. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தோடு திணைக்களம் கூட்டுத்தாபனமானது. மொபிடல், டயலொக், சன்டெல், லங்கா பெல் என்று அடுத்தடுத்து வந்தன.

எங்கள் ஊர்களைத் தொட்ட விடயம் 1997இல் நடந்தது. டெலிகொமின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி கம்பனி 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கூடவே ஒரு நிபந்தனை: 2002 ஓகஸ்ட் வரை வெளிநாட்டு அழைப்பு டெலிகொமின் தனியுரிமை. உள்ளூரில் எத்தனை கம்பனி இருந்தாலும் கடல் கடக்க ஒரே வாசல்தான்.

அந்த வாசலில் நின்றவர்கள் யார்? வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எடுப்பேன் என்று வாப்பா ஜித்தாவிலிருந்து கடிதம் போடுவார். கொமினிகேஷன் கடையில் உம்மாவும் நானும் மற்ற உம்மாமாரும் காத்திருப்போம். வருகிற கோலுக்கும் கடைக்காரர் நிமிடக்கணக்கில் எடுப்பார். உம்மா பேசும்போது கண் சுவர் மணிக்கூட்டில்தான் இருக்கும். நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் ரிசீவர் கை மாறிவிடும்.

அங்கே வாப்பா கட்டிய காசில் ஒரு பங்கு, கோலை இங்கே வாங்கிக் கொடுத்த நிறுவனத்துக்கு வந்து சேரும், அதுவும் வெளிநாட்டுப் பணமாக. உள்ளூர்க் கட்டணத்தைக் குறைவாக வைத்து, வெளிநாட்டுக் கோலில் உழைத்து லைன் இழுப்பது அந்தக் காலத்துப் பல நாடுகளின் வழக்கம். ஆகவே நாடு முழுக்கப் போன கம்பியில் வளைகுடாவுக்குப் போன நம்மவர்களின் உழைப்பும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு உரிமம் கொடுத்தார்கள். விலை விழுந்தது. கொமினிகேஷன் கடைகள் ஃபோட்டோ கொப்பிக்கும் ரீலோடுக்கும் மாறின. 2009இல் எயார்டெல் வந்து கைத்தொலைபேசிக் கம்பனிகள் ஐந்தான பிறகு நடந்த விலைச் சண்டை நினைவிருக்கும். கடைசியில் 2010இல் ஆணைக்குழுவே இதற்குக் கீழே இறக்காதே என்று குறைந்தபட்சக் கட்டணம் வைத்தது.

இப்போது வாசல் மறுபடி சிறுக்கிறது. எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு. மிஞ்சியவை மூன்று. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டொலரில் சாமான் வாங்கும் கம்பனிகளுக்கு வேறு வழி குறைவு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு டவர் மட்டும் பிடிக்கும் கிராமத்தில் மூன்றும் ஒன்றுதான். 2021இல் பொகிட்டியாவ பிள்ளைகள் இணையப் பாடத்துக்காக மலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025இல் வந்த ஸ்டார்லிங்க் அங்கேயும் பிடிக்கும். அந்த வீடுகளால் வாங்க முடியுமா?

டெலிகொமில் அரசின் 49.5 வீதத்தை விற்கும் பேச்சு 2023இல் வந்தது, பிறகு நின்றது. நாளை மறுபடி வரலாம். அப்போதும் யார் வாங்குகிறார் என்றுதான் சண்டை பிடிப்போம். எதற்கு, எத்தனை வருடத் தனியுரிமை, கிராமத்துக்கு என்ன கட்டாயம் என்ற தாளை யார் வாசிப்பது? 1997இன் தாளுக்கு என் உம்மா ஐந்து வருடம் நிமிடக்கணக்கில் காசு கட்டினார்.

அந்தக் காலத்துக் கொமினிகேஷன் பில், ஃபோன் கார்ட் யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். 9ஆம் தரத்துக்குக் காட்ட வேண்டும்.