முலாமும் உப்புக்காற்றும்

கேளம்பாக்கத்தில் என் நண்பர் ஒருவர் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டார் ஒன்றைக் கொட்டகையில் வைத்துப் போற்றி வருகிறார். வீட்டில் அதற்கு ‘மூத்தாள்’ என்று பெயர். போன மாதம் நான் போனபோது அதன் பம்பரைக் கழற்றித் திண்ணையில் கிடத்தியிருந்தார். “பாருமையா, அநியாயத்தை!” என்றார். பார்த்தேன். பளபளப்புக்கு நடுவே அம்மை வார்த்த முகம் மாதிரி கொப்புளங்கள்.

குற்றவாளி ஊர்தான். கிழக்கே கோவளத்துக் கடல். அதிலிருந்து உள்ளே ஏறும் கழி. கழியோரத்தில் தலைமுறைகளாக உப்பு விளைந்த பாத்திகள். இங்கே மூச்சு இழுத்தாலே நாக்கு கரிக்கும்.

வண்டி பிறந்ததும் அதிகத் தொலைவில் அல்ல. கேளம்பாக்கத்திலிருந்து மேற்கே போகிற சாலை வண்டலூரில் போய் முடிகிறது. அந்தப் பக்கத்தில்தான், 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. இத்தாலியரான மிக்கெலாட்டி உருவம் வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் ‘டிரையம்ப்’ என்ற பெயரோடு வெளிவந்த ஹெரால்டு, 1961-இல் இங்கே ‘ஸ்டாண்டர்டு’ ஆயிற்று. டாக்டர்களும் வக்கீல்களும் அதற்காகக் காத்துக் கிடந்தார்கள். 1988-இல் அங்கே கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆகவே புது பம்பர் கேட்டுப் போக வாசல் கிடையாது.

குரோமியம் என்றால் இரும்புக்குக் கவசம் என்று நம்மில் பலருக்கு எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1920-களின் பிற்பகுதியில் அது மோட்டார்களுக்கு வருமுன் பித்தளையும் நிக்கலும்தான்; டிரைவர்கள் காலையில் எழுந்ததும் தேய்த்தாக வேண்டும். குரோமியம் அந்தத் தேய்ப்பை ஒழித்தது, அவ்வளவுதான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கண்ணாடி போல் தெரிவது அடியிலுள்ள நிக்கல். அது மங்காமல் காப்பதே மேலே இருப்பதன் உத்தியோகம். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. அவற்றின் வழியே உப்பு ஈரம் இறங்குகிறது. துத்தநாகம் பூசிய வாளியில், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலுக்கு அந்தத் தியாகபுத்தி கிடையாது. துளை விழுந்த இடத்தில் இரும்பை முன்னிலும் வேகமாக அரிக்க விட்டுவிட்டுத் தான் மினுக்கிக்கொண்டிருக்கும். துரு உப்பி, முலாம் கொப்புளிக்கிறது.

பம்பருக்கு மருந்து உண்டு. பழைய முலாமை அமிலத் தொட்டியில் களைந்து, துருவைத் தேய்த்தெடுத்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று மறுபடி மூன்று பூச்சு. முலாம் பூசுகிற கடைக்காரர் ஒப்புக்கொண்டார். தகராறு வந்தது பெயர்த்தகட்டில். அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. உள்ளேயே குழி விழுந்திருந்தது. குழி மறையும்வரை தேய்த்தால் எழுத்தும் மழுங்கிப் போகும்.

“எழுத்துப் போனால் இது எந்த வண்டியப்பா?” என்றேன்.

“குழியோடு வைத்தால் பார்க்கிறவன் என்ன சொல்லுவான்?” என்றார் அவர்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் பம்பர் மட்டும் பட்டணத்துக்குப் போயிற்று. பெயர்த்தகட்டைக் கழுவி, மெழுகு தடவி, இருந்த இடத்திலேயே திருகிவிட்டார். தினமும் அதைத் துடைக்கத் தண்ணீர் வேண்டுமே! கிணற்றில் ஊறுவது உப்பு. கூரையிலிருந்து வழிகிற மழைநீருக்கு இப்போது இரண்டு அண்டா வைத்திருக்கிறார். அதில் கை வைக்க வீட்டில் யாருக்கும் உரிமையில்லை.