பிழையறப் படிக்கும் புரதம்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டளவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி வாழ்ந்தனர். அவர்கள் மங்கில் சேர்த்த பால் வெறும் பிசின் அன்று; மரத்தின் பாற்குழாய்களிலுள்ள உயிரணுச் சாறு. அதில் ரைபோசோம்கள் மிதக்கின்றன. வெட்டில் வடிந்த புரதங்களை அடுத்த வெட்டுக்குள் மரம் மீண்டும் ஆக்கிக்கொள்வது ரைபோசோம்களைக் கொண்டுதான்.

மரமாயினும் மனிதராயினும் பாக்டீரியாவாயினும், ஆர்.என்.ஏ. இழையில் வரும் செய்தியை மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் கோப்பது ரைபோசோமின் பணி. அது பெரியதும் சிறியதுமான இரு பகுதிகளால் ஆனது. ஈ.கோலை பாக்டீரியாவின் சிறு பகுதியில் ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.வும் 21 புரதங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று எஸ்12. புரதங்களுள் பல வெளிப்புறமாக அமைய, இதுவோ எழுத்துப் படிக்கப்படும் இடத்தை ஒட்டியே நிற்கிறது. பீப்பாய் போன்ற உடலும், ஆர்.என்.ஏ. மடிப்புகளுக்குள் நுழையும் நீண்ட வாலும் இதன் அமைப்பு. சரியான எழுத்து பொருந்தியதா என்னும் சோதனையில் துணைநிற்பது இதன் பணி.

இப்பணி தெரியவந்தது ஒரு மருந்தின் வழியாகும். 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு வாய்த்த முதல் பயனுள்ள மருந்து. அது பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிழைபடப் படிக்கச் செய்கிறது என்று 1964இல் டேவிஸ், கில்பர்ட், கொரினி ஆகியோர் காட்டினர். அம்மருந்துக்கு அடங்குவதும் அடங்காமையும் எஸ்12ஐப் பொறுத்தவை என்று 1969இல் நொமுராவின் குழு நிறுவியது. 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் குழு 2000ஆம் ஆண்டு சிறு பகுதி முழுவதன் அணு அமைப்பையும், அதில் மருந்து பற்றும் இடத்தையும் வெளியிட்டது. 2009இல் ஸ்டைட்ஸ், யோனத் இருவரோடு அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மலேசியாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கிற்று. மருந்து சில நோயாளிகளிடம் பலிக்காமற்போவது ஏன்? காசநோய்க் கிருமியின் எஸ்12இல் 43ஆம் இடத்து லைசின் ஆர்ஜினினாக மாறுவது அதற்கு ஒரு முதன்மைக் காரணம். மரபெழுத்தில் மாறுவது ஒன்றே: ஏ.ஏ.ஜி. என்பது ஏ.ஜி.ஜி. ஆகிறது. மரம் என்பதில் ஓர் ஒலி மாற மறம் ஆவதை அறிந்த தமிழ் மாணவருக்கு இது புதிரன்று. தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தலாகாது என மருத்துவர் வற்புறுத்துவதும் இத்தகைய கிருமிகள் பெருகாதிருக்கவே.

நம் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. தாய்மொழிக்குத் திரும்பும் முடிவு, சிதம்பரத்தில் பிறந்தவர் நோபல் பெற்ற அதே 2009இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ரைபோசோமை மாணவர் பின்னர் மலாயில் கற்கின்றனர். ரைபோசோம் என்னும் பெயரை அப்படியே ஏற்கலாம். அதனால் தமிழுக்கு இழுக்கில்லை. ஆனால் அது செய்யும் தொழிலை விளக்கப் படித்தல், கோத்தல், பொருந்துதல், பிழை என்னும் நம் சொற்களே போதும். ஆசிரியர்கள் அச்சொற்களையும் பால்மரத்தையும் கொண்டு ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே இதனைத் தொடங்கிவைத்தால், மாணவர் மேல்வகுப்பில் அதனை அறிமுகமான ஒன்றாகவே எதிர்கொள்வர்.