கள்ளுக்கடை வாசலில் நின்ற இளைஞர்கள்

கெடா தோட்டத்து இளைஞர்களின் கதையை யார் கேட்டாலும் நான் பீடோங்கிலிருந்துதான் தொடங்குவேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்திருந்த நேரம் அது. சயாம் ரயில்பாதைக்குப் போனவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுத்துப் பழகிய பிள்ளைகள் மறுபடி ரப்பர் பால்வாளி தூக்கினார்கள். வேலை பழையதுதான், அவர்கள் பழைய ஆட்கள் இல்லை. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் அவர்களுக்கு இனி ஒத்துவரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அவர்கள் முதலில் கை வைத்தது கள்ளுக்கடையில். வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைத் தடுத்தார்கள். குடி என்பது அவனவன் சொந்தப் பழக்கம் என்பவர்கள் தோட்டத்து வாழ்க்கையை அறியாதவர்கள். அரசு உரிமம் தந்த கடை பல இடங்களில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. காலையில் பால் வெட்டிச் சம்பாதித்த கூலி மாலையில் அங்கேயே கரைந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்திலும் கள்ளுக்கடையை மூடு என்பது ஒரு கோரிக்கை.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்புக் கூட்டம் போலீசோடு மோதலில் முடிந்தது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சில நாள்களிலேயே, மார்ச் 3 அன்று, டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு இன்னொருவர் மாண்டார். தொண்டர் படையினர் சில இடங்களில் குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனாலும் லயத்துப் பிள்ளைகள் தங்கள் லயத்துக்குத் தாங்களே பொறுப்பேற்றார்கள். அந்தத் துணிவுக்கு முன் தலைவணங்குகிறேன்.

1948இல் அவசரகாலம் வந்தது, தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. இளைஞர்கள் வேறு வழி தேடினார்கள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழைச் சுற்றி 1950களில் மாணவர் மணிமன்றம் வளர்ந்தது. பின்னர் இளைஞர் மணிமன்றங்கள் தோட்டந்தோறும் பரவின. எங்கள் தோட்டத்து மன்றம் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு அலமாரிப் புத்தகம், ஒரு கேரம் பலகை, மண்ணெண்ணெய் விளக்கு. தமிழர் திருநாளுக்கு நாடகம் போடுவோம். என் மூத்த அண்ணன்தான் செயலாளர். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிரஜாவுரிமைப் பாரம் நிரப்புவதும், ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் அந்தக் கொட்டகையில்தான் நடந்தன. மண்டோரின் மகனும் புல்வெட்டுகிறவரின் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்ததும் அங்கேதான்.

தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் சொன்னார். அந்தச் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். பாரமும் ரசீதும் என்னவென்று லயத்துக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தவை எங்களுடையதைப் போன்ற கொட்டகைகள். அந்தச் சங்கத்தின் வெற்றியில் அவற்றுக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறகு கித்தா என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. சனம் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் இங்கே அலோர் ஸ்டார் பக்கமும் சிதறியது. கோயிலை எப்படியோ கூடவே கொண்டுவந்தோம். மன்றத்தை மட்டும் விட்டுவிட்டோம். இந்த இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றில் பெரியது அதுவே.

இங்குள்ள மெர்கோங் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மன்றத்துக்கெனத் தாமானில் ஒரு அறை பிடியுங்கள். வாரத்தில் இரண்டு மாலை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டி யாராவது இருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடவோ கணக்கு எழுதவோ ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.