நான்கெல்லை தெரிந்தவர்கள்

பாகூர்ச் செப்பேடுகள் பாகூரில் இல்லை. 1879இல், புதுச்சேரியில் நீதிபதியாக இருந்த ழூல் தெலாபோன் வழியாக வெளிச்சத்துக்கு வந்த அந்த ஐந்து ஏடுகளும் பாரீசு தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், வாகூரில் (புதுச்சேரியின் இன்றைய பாகூர்) இயங்கிய வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு கல்லூரி இருந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தக் கல்லூரிக்குச் சோறு போட்ட நிலம் எந்தப் பக்கம் என்று கேட்டால் மேடையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சாசனத்தின் வடமொழிப் பகுதி அரச மரபைப் புகழ்கிறது. அதைப் படிக்க உலகெங்கும் அறிஞர்கள் உண்டு. தமிழ்ப் பகுதி நிலத்தின் நான்கெல்லையைச் சொல்கிறது. அதைப் படிக்க பாகூர் ஏரிப் பாசனத்தில் கழனி வைத்திருப்பவர் வேண்டும். எந்த மேட்டுக்கு எந்தப் பெயர், எந்த வாய்க்கால் பழையது, எந்தக் குட்டை தூர்ந்து மனையானது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உள்ளூர் வரலாற்றுக்கு ஊர்க்காரர் செய்யக்கூடிய உதவிகளில் முதலாவது இதுதான் என்பேன். படித்து முடித்துவிட்ட எழுத்தைக் காணாமல் போய்க்கொண்டிருக்கும் நிலத்தோடு பொருத்திக் காட்ட வேண்டும். கழனிகள் 'நகர்' என்ற பெயரில் மனைகளாகும் வேகத்தில், வயல்பெயர்கள் ஒரு தலைமுறைகூடத் தாங்கமாட்டா.

வேலை புதுச்சேரி எல்லைக்குள் அடங்குவதும் இல்லை. பாகூர் ஏரிக்கு நீர் தரும் பங்காரு வாய்க்கால் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிகிறது. அது தமிழ்நாட்டு மண். பழைய எல்லை ஒன்றைத் தேடிப் போனால் பாதி வழியில் பிரெஞ்சு நில ஆவணம் நின்றுவிடும், மீதிக்கு ஆங்கிலேயர் அளந்த கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வரப்பில் இரண்டு சாம்ராஜ்யங்கள்!

கல்வெட்டுகளைப் பொறுத்தவரை நமக்கு ஒரு முன்னோடி உண்டு. பாகூர் குப்புசாமி தொகுக்க, கோ. விசயவேணுகோபால் பதிப்பிக்க, புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பு 2006இலும் 2010இலும் இரு பகுதிகளாக வந்தது. பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியும் வெளியிட்டன. தொகுத்தவர் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் நிற்பதைக் கவனியுங்கள். பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் எழுத்து மட்டுமன்றி இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்து எழுத்தும் இருக்கிறது. சோழரை இராட்டிரகூடர் வென்ற தக்கோலப் போருக்குப் பிறகு இந்தப் பகுதி யார் கையில் இருந்தது என்பதற்கு ஊருக்கு நடுவிலேயே சாட்சி.

அந்தக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் ஓரளவு கவலையில்லை. சிற்றூர்க் கோயில்களின் நிலை வேறு. திருப்பணி என்றதும் கருங்கல்மேல் மணலைப் பீய்ச்சி அடித்துப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறார்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போகிறது. சில இடங்களில் தரையை உயர்த்தியதில் கோயிலின் அடித்தளமான அதிட்டானமே மண்ணுக்குள் போய்விட்டது. பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே சுவரை முழுக்கப் படமெடுத்துவிட வேண்டும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், பக்கவாட்டில் ஒளி விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். சுண்ணாம்பு பூசி, எண்ணெய் தடவிப் படிக்க முயல வேண்டாம். மைப்படி எடுப்பது பயின்றவர் வேலை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அரை ஈரத்தில் மை ஒற்ற வேண்டும். கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். கிணறோ கடைக்காலோ தோண்டும்போது தாழி, காசு, சிலை கிடைத்தால் கிளறாமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.

கல்லை விடச் சீக்கிரம் அழிவது காகிதம். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) எழுதிய கிரயப் பத்திரம், பிறப்பு, திருமணப் பதிவு நகல் போன்றவை பழைய டிரங்குப் பெட்டிகளில் இருக்கும். மூலத்தை யாருக்கும் தர வேண்டியதில்லை, நல்ல படம் போதும். அரசுத் தரப்பு ஆவணங்களுக்கு இலாசுப்பேட்டை சீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒரு கிராமத்தின் நில வரலாறு துலங்கும்.

காகிதத்தையும் விடச் சீக்கிரம் அழிவது நினைவு. அதற்கு வில்லியனூர்க் கொம்யூனுக்கு உட்பட்ட கீழூருக்கு வருவோம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். சட்டப்பூர்வ இணைப்பு நாளான ஆகஸ்ட் 16 தோறும் நினைவிடத்தில் கொடியேற்றம் நடக்கிறது. ஆனால், கொம்யூன் உறுப்பினராகப் போன தாத்தா எந்த வண்டியில் போனார், யார் வந்து அழைத்தார்கள், இரவு திரும்பி வந்து வீட்டில் என்ன சொன்னார் என்பது அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே கைப்பேசியில் பதிவு செய்யலாம். எதிராக வாக்களித்த எட்டுப் பேர் வீட்டையும் விட்டுவிடக் கூடாது. பேசுபவரின் பெயர், வயது, ஊர், அன்றைய தேதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லவைத்து, வெளியிட ஒப்புதலும் அங்கேயே கேட்டுக்கொண்டு, ஒரு படியை அந்தக் குடும்பத்துக்கும் இன்னொன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிட வேண்டும்.