ஒரே காற்று, ஒரு ஆப்பில் மஞ்சள், இன்னொன்றில் சிவப்பு: எச்சரிக்கை நிறங்களை எப்படிப் படிப்பது?

புனேயில் குளிர்காலக் காலை. நீங்கள் ஹிஞ்சவடியிலோ பாஷாணிலோ இருக்கிறீர்கள், ஓடப் போகும் முன் மொபைலில் காற்றின் தரத்தைப் பார்க்கிறீர்கள். இந்திய அளவுகோலைக் காட்டும் ஆப்பில் மஞ்சள். அமெரிக்க அளவுகோலைக் காட்டும் ஆப்பில் சிவப்பு. மஞ்சளைப் பார்த்தவர் ஷூவை மாட்டுகிறார். சிவப்பைப் பார்த்த ரூம்மேட் ஜன்னலைச் சாத்துகிறார். இரண்டு பேரும் சுவாசிப்பது ஒரே காற்றுதான்.

இது எப்படி நடக்குது? கணக்கு போட்டே பார்த்துடலாம். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள், 24 மணி நேர சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தியக் குறியீடு 166. அமெரிக்கக் குறியீடு 168. எண்ணில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் இந்தியாவில் 101 முதல் 200 வரை மஞ்சள், பெயர் ‘மிதமானது’. அமெரிக்காவில் 151 வந்துவிட்டாலே சிவப்பு, பெயர் ‘ஆரோக்கியமற்றது’.

இந்தியா தனக்கு வகுத்துக்கொண்ட 24 மணி நேர வரம்பே 60 மைக்ரோகிராம்தான். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன அளவு 15. ஆக, 80 என்பது நம் சொந்த வரம்பையே தாண்டிய காற்று. ஆனாலும் திரையில் தெரிவது, ‘பரவாயில்ல, போலாம்’ என்கிற மஞ்சள்.

2015-ல் வந்த தேசியக் குறியீட்டில் ஆறு படிகள். முதல் இரண்டும் பச்சை: ‘நல்லது’, ‘திருப்திகரமானது’. பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அடர் சிவப்பு. இந்தியாவில் சிவப்பு ஆரம்பிப்பதே 301-ல்தான். இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். டெல்லி குளிர்காலத்தில் 400-ஐத் தொடும்போது காட்ட ஒரு நிறம் மிச்சம் வேண்டுமே. ஆனால் புனேயில் 166-ல் ஓடுபவருக்கு அந்த நியாயத்தால் ஒரு பயனும் இல்லை.

புனேக்கும் இந்த நிறங்களுக்கும் நெருக்கம் உண்டு. காற்று மாசை முன்கூட்டியே கணிக்கும் ‘சஃபர்’ அமைப்பை உருவாக்கியது பாஷாணில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். (இதன் சுருக்கமும் ஐஐடிஎம்தான். நம்ம ஊர்க்காரர்கள் உடனே கிண்டிக்குப் போய்விடுவார்கள்.) 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் தொடங்கிய அது, அடுத்து வந்தது புனேக்கு.

நிறம் நம்மை என்ன செய்கிறது?

‘சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி’ என்று டிசைன் வகுப்புகளில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். நம் வீட்டிலேயே பாருங்கள்: குங்குமமும் கூறைப்புடவையும் சிவப்பு, சிக்னலும் சிவப்பு. மஞ்சள் மங்கலம், ஆனால் கடனில் மூழ்கியவர் கொடுப்பது மஞ்சள் நோட்டீஸ். புனேக்குப் பக்கத்தில் ஜெஜூரி கண்டோபா கோவிலில் படிக்கட்டெல்லாம் மஞ்சள் தூள் இறைந்து கிடக்கும். அங்கே மஞ்சள் யாரையும் எச்சரிப்பதில்லை. நிறத்துக்கு அர்த்தம் கொடுப்பது அது நிற்கும் இடம்.

நிறத்தின் பெயரைவிட அதன் அடர்த்தியும் வெளிச்சமுமே உணர்ச்சியைக் கூடுதலாகத் தூண்டுகின்றன என்று 1994-ல் வால்டெஸ், மெஹ்ராபியன் இருவரும் செய்த ஆய்வு காட்டியது. வெளிறிய சிவப்பு பதற வைக்காது, பளீரென்ற ஆரஞ்சு பதற வைக்கும்.

இன்னொன்று, நிறம் எல்லை போடும். குறியீடு 198, 203 இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்று மஞ்சள், மற்றது ஆரஞ்சு. ‘ஒரே நாளில் மோசமாகிவிட்டது’ என்று தோன்றும். 104-லிருந்து 198-க்கு ஏறியிருந்தால்? நிறம் மாறாது, நாமும் கவனிக்க மாட்டோம்.

‘ரெட் அலர்ட்’ யாருக்கு?

மழைக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நான்கு நிறங்களும் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்பவை. பச்சை: எச்சரிக்கை இல்லை. மஞ்சள்: கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: இறங்கிச் செயல்படுங்கள். மழையின் தாக்கம், அது நடக்கும் வாய்ப்பு இரண்டையும் பார்த்து நிறம் முடிவாகிறது. நாமோ ‘ரெட்னா 20 சென்டிமீட்டர்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அதி கனமழையின் அளவு அது (துல்லியமாக 20.45 செ.மீ.). ரெட் அலர்ட்டும் அதுவும் அடிக்கடி சேர்ந்து வருவதால் குழப்பம்.

இந்தக் குழப்பத்தைத் தமிழ்நாடு அனுபவித்திருக்கிறது. 2018 அக்டோபர் 7-க்கு ரெட் அலர்ட் என்றதும் 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னை பதறியது. அது நிர்வாகத்துக்கான எச்சரிக்கை, மக்கள் பீதியடைய வேண்டாம் என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. பிறகு எச்சரிக்கையே விலக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். ரெட் அலர்ட் நாளான 16-ம் தேதி பயந்த மழை வரவில்லை. கிண்டல் மீம்ஸ் வந்தது. என்னைக் கேட்டால் கார் ஏற்றியவர்கள் செய்தது சரிதான். நிறம் சொன்னது ‘செயல்படு’, அவர்கள் செயல்பட்டார்கள்.

புனேயில் சிக்கல் வேறு மாதிரி. மாவட்டத்தின் மேற்கே லோனாவாலா, தாம்ஹினி மலைகளில் மழை கொட்டும். கிழக்கே பாராமதி, இந்தாபூர் மழை மறைவுப் பகுதி. மொத்தத்துக்கும் ஒரே நிறம் பூசினால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. அதனால்தான் மலைப்பகுதிக்குத் தனி எச்சரிக்கை வருகிறது. ‘புனேக்கு ரெட்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அது மலைக்கா ஊருக்கா என்று பாருங்கள்.

ஆற்றங்கரையில் குடியிருந்தால் அதுவும் போதாது. 2024 ஜூலை 25 அன்று சிங்ககட் சாலையின் ஏக்தா நகரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கனமழையோடு, கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் திறந்த நீரும் சேர்ந்துகொண்டது. வானிலை நிறம் வானத்தைப் பற்றிப் பேசும். மதகு எப்போது திறக்கும் என்பது அதில் இருக்காது. அணை நீர்த்திறப்பு அறிவிப்பைத் தனியாகப் பின்தொடர வேண்டும்.

எல்லா நாட்டிலும் சிவப்பே உச்சம் என்றும் நினைக்க வேண்டாம். ஹாங்காங்கில் மழை எச்சரிக்கை மஞ்சள், சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. சீனாவில் ஏணியின் முதல் படி நீலம்.

டாஷ்போர்டு செய்பவர்களுக்கு

சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்கள் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 8 சதவீதம். இந்தியாவில் அதைவிடக் குறைவு, ஆனாலும் நூறு பேர் இருக்கும் ஆபீசில் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் அவர்களுக்கு ஒன்றோடொன்று கலங்கித் தெரியலாம். நிறத்தை மட்டுமே வைத்துத் தகவல் சொல்லாதே என்பது இணைய அணுகல்தன்மை விதிகளில் அடிப்படையான ஒன்று. உங்கள் டாஷ்போர்டின் ஸ்க்ரீன்ஷாட்டை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எது ஆபத்து, எது இல்லை என்று அப்போதும் பிரிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணையும், ஒரு வார்த்தையில் செய்ய வேண்டியதையும் போடுங்கள். எந்த நாட்டு அளவுகோல் என்பதையும் மறக்காமல் கீழே எழுதிவிடுங்கள்.