காப்பாளர் கையொப்பத்திலிருந்து வாடிக்கையாளர் உரிமைக்கு: ஆட்டிசமும் வணிகத் தகவல்தொடர்பும்

ஆட்டிசம் உள்ள ஒருவர் வங்கியிடமோ கடையிடமோ கேட்கும் வசதிகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. தொலைபேசியில் அழைக்காமல் குறுஞ்செய்தியில் பதில் தர வேண்டும்; என்னென்ன தாள்கள் வேண்டும், எந்தக் கவுன்டர், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்; உடன் வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேச வேண்டும்; பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவு எளிய கோரிக்கை சட்டத்தில் இடம்பெறத் தாமதமானது ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியச் சட்டம் அவரை முதலில் காப்பாளரின் பொறுப்பில் இருப்பவராகவே பார்த்தது. வாடிக்கையாளராகப் பார்த்தது வெகு பின்னால்தான்.

லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகில் தனி நிலையாக அறியப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து வந்த இந்தியாவின் 1995 ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. டெல்லியில் மெரி பருவா தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் போன்ற பெற்றோர் அமைப்புகள் அந்தப் பத்தாண்டில் இடைவிடாது குரல் கொடுத்தன. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் அது தந்த முக்கிய ஏற்பாடு, 18 வயது கடந்தவருக்குக் காப்பாளர் நியமனம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைச் செய்யும். அக்குழு தரும் காப்பாளர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பர் 19-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த நான்காம் நாள், நவம்பர் 23-இல், அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. அம்மாவட்டத்தின் ஆண்டிமடம் வட்டாரத்துப் பெற்றோர் அதுவரை பெரம்பலூர் ஆட்சியரிடம் கொண்டுபோன மனு அதன்பின் அரியலூருக்குப் போனது. ஊர் மாறினாலும் கவுன்டரில் பேசியவரும் கையொப்பமிட்டவரும் காப்பாளரே.

வேறொரு மாற்றம் சென்னையில் நடந்தது. 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் அமைப்பு, பேச இயலாதவர்களுக்குப் படங்கள் வழியாகப் பேசும் முறைகளைப் பழக்கிவந்தது. அந்த அனுபவத்தின் துணையோடு, சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் 2010-ஐ ஒட்டி 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். திரையில் படங்களைத் தொட்டால் அது வாக்கியமாகி ஒலிக்கும். பின்னர் இது செயலியாகித் தமிழிலும் வந்தது. பேச்சு இல்லாதவருக்கும் சொல்ல விஷயம் உண்டு என்பதை எதிரே இருக்கும் விற்பனையாளர் நேரில் காண இது வழிசெய்தது. சட்டத்தைவிடத் தொழில்நுட்பம் ஒரு படி முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

2007-இல் இந்தியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை, எளிய மொழியையும் மாற்று வழித் தொடர்புகளையும் 'தகவல்தொடர்பு' என்பதற்குள் சேர்த்திருந்தது. அதை ஒட்டி வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றது. பிரிவு 13 தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமையைத் தந்தது. பிரிவு 46 தனியார் சேவையாளர்களையும் கட்டுப்படுத்தியது. 2017 ஜூனில் விதிகள் வெளிவந்ததால் அவர்களுக்குத் தரப்பட்ட ஈராண்டு அவகாசம் 2019-இல் முடிந்தது. ஆயினும் நடைமுறையில் அணுகல் என்றால் சாய்தளம், பிரெய்ல் பொத்தான் என்ற அளவிலேயே எண்ணம் நின்றது. பதில் சொல்லும் விதமும் அணுகல்தான் என்பதைப் பெரிய நிறுவனங்கள்கூட எண்ணிப்பார்க்கவில்லை. 2024 நவம்பர் 8-இல் அணுகல் குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த 2017 விதிகளில் வெறும் வழிகாட்டுதல்களாகத் தளர்ந்திருந்த 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க மூன்று மாதம் தந்தது. 2025 ஏப்ரல் 30-இல், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணு அணுகலும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

ஆண்டிமடம் போன்ற சிற்றூரில் நிலைமை இரு வகையாக இருக்கிறது. மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பிப் பொருளை வாங்கிக்கொள்ளும் பழக்கம் யாருடைய கோரிக்கையும் இன்றி வந்தது. 2017-இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை வந்தபின், வாங்கிய பொருளின் விவரம் குறுஞ்செய்தியாகக் கைபேசிக்கு வருகிறது. இரண்டும் ஆட்டிசம் உள்ளவர் கேட்கும் எழுத்துவழித் தொடர்பேதான். மறுபக்கத்தில், பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் ஒலி உணர்வு மிகுந்தவரைக் கடைவாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று விரையும் வாடிக்கையாளர் சேவை எண்ணும், சில நிமிடங்களில் காலாவதியாகும் ஓடிபியும் யோசித்துப் பதில் சொல்பவரை வெளியே நிறுத்துகின்றன. முகம் பார்த்துப் பேசும் சிறு வணிகர் பழகியபின் மாறிக்கொள்வார். பதிவு செய்த குரல் மாறாது.

உரிமை மறுக்கப்பட்டால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கப் பிரிவு 89 இடம் தருகிறது.