சிவப்பு மை பட்ட 'துணை'

போன மாதம் காட்டூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது, என் மாமனார் பைண்டு செய்து வைத்திருந்த 1950களின் புத்தகம் ஒன்று கிடைத்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பேத்தி அதைப் புரட்டிவிட்டு, "தாத்தா, இந்த 'ல'வுக்கு முன்னால் என்ன தும்பிக்கை?" என்றாள். என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பழைய 'லை' அது.

அந்தத் தும்பிக்கை எனக்கும் பழைய பகையாளி. காரைக்காலில் நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அங்கே எழுத்துக்கும் ஒலிக்கும் ஏழாம் பொருத்தம். தண்ணீரை 'ஓ' என்பார்கள். எழுதுவது மூன்று எழுத்து, மூன்றில் ஒன்றுகூட 'ஓ' இல்லை. அதனால் தமிழ் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. மெய்யைப் போடு, குறியைச் சேர், முடிந்தது. 1974-இல் எழுத்தராகச் சேர்ந்ததும் அந்த விதிப்படியே 'துணை' என்று, இன்று நீங்கள் எழுதுவது போலவே எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்து, "தமிழ் தெரியாதவர்" என்று ஓரத்தில் குறித்தார். என் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீண்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவனுக்கு ஆறு மாத ஊதிய உயர்வு சின்ன விஷயமில்லை.

1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் நடத்திக் காட்டியதுதான். ஆகார வரிசையில் ண, ற, ன மூன்றுக்கு மட்டும் காலுக்குப் பதில் சுழி. அதே மூன்று, ஒகரத்திலும் ஓகாரத்திலும். ஐகாரத்தில் ண, ல, ள, ன நான்குக்குத் தும்பிக்கை. கூட்டினால் 13. அத்தனையும் பொது விதிக்குள் வந்தன. என் பிழை அரசாணை ஆயிற்று! குறிப்பேட்டிலிருந்த அந்த வரியை யாரும் அடிக்கவில்லை என்பது வேறு கதை.

இதைக் கேட்ட பேத்தி, தன் தொழிலிலும் இப்படி எண்ணுவார்கள் என்றாள். மெக்கேப் என்ற அமெரிக்கர் 1976-இல் சொன்ன கணக்காம். நிரலில் 'இப்படியானால் அந்த வழி, இல்லாவிட்டால் இந்த வழி' என்று பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்தைத் தாண்டினால், பிரித்து எழுது என்பார்களாம். படிக்கிறவன் தலையில் அத்தனை கிளையையும் சுமக்க முடியாதல்லவா?

ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே எளிமை என்று நான் ஒப்பவில்லை. நம் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் குறியைக் கூட்டினார். பழைய ஓலையில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபடுத்தும் புள்ளியையும் ஓலை கிழியுமென்று பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். கொடியா, கோடியா என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவன் பாடு என்ன ஆகும்! கொம்பின் மேலே அவர் போட்ட ஒரு சுழி அந்த ஊகத்தை ஒழித்தது. குறி ஒன்று கூடியது, படிக்கிறவனுக்கு நின்று யோசிப்பது குறைந்தது. எண்ண வேண்டியது அந்த நிற்கும் இடங்களைத்தான்.

பிற்பாடு வா.செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் மாற்றச் சொன்னார். 72 எழுத்து. உகர வரிசையின் கோணல் எனக்கும் தெரியும். கு, சு, து மூன்றும் மூன்று தினுசு. ஆனாலும் நான் எதிர்க்கட்சிதான். பதின்மூன்றுக்கே என் பேத்தி பரண் புத்தகத்தில் தடுக்கி விழுந்தாளே. எழுபத்திரண்டென்றால் என் எழுத்தையே அவள் பிள்ளைகள் படிக்க முடியாது.

தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் அந்தப் பதின்மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் பிடித்துக்கொண்டாள். மாமனார் புத்தகத்தில் இப்போது நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாள்.

ஏலாக்குறிச்சி போய்வந்த கதையை அடுத்த முறை எழுதுகிறேன்.